ஜூஜூவாடி தாண்டாத பொட்டலம்

‘நெட் வரல’ என்று தமிழில் சொன்னாலும், தெலுங்கில் சொன்னாலும், கன்னடத்தில் சொன்னாலும் ஓசூரில் அடுத்து நடப்பது ஒன்றுதான். ரூட்டரின் சுவிட்சை அணைத்து, பத்து எண்ணி, மறுபடி போடுவார்கள். வந்துவிட்டால் சரி. வராவிட்டால் கேபிள்காரருக்குப் போன். அவரும் முதலில் கேட்பது, “ஆஃப் பண்ணி ஆன் பண்ணீங்களா சார்?”

இது பல நேரம் பலிப்பதில் மர்மம் எதுவும் இல்லை. ரூட்டர் நினைவில் வைத்திருந்த இணைப்புப் பட்டியல் காலியாகிறது, வீட்டுக் கருவிகள் புதிதாக முகவரி கேட்கின்றன, இணைய நிறுவனத்தின் சர்வரோடு பேச்சு முதலிலிருந்து தொடங்குகிறது. சின்னக் கோளாறுகள் அதிலேயே போய்விடும். ஆனால் போனது எது என்று தெரியாது. அடுத்த வாரம் அது திரும்பி வரும்போது நாமும் பழையபடி சுவிட்சைத் தேடுவோம். சிப்காட் தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் பிரிவில் வேலை பார்ப்பவரைக் கேட்டுப்பாருங்கள். ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றால், திரையில் இருக்கும் அலாரம் எண்ணைத்தான் அவர் முதலில் குறித்துக்கொள்வார். ரீசெட் எல்லாம் அதற்குப் பிறகு. எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க அப்படி வேலை செய்தவர், வீட்டுக்கு வந்ததும் ஒரு கேள்வியும் கேட்காமல் ரூட்டரைப் பிடுங்கிச் செருகுவது எனக்கு இன்றுவரை விளங்காத விஷயம்.

இந்த அத்தியாயத்துக்கு லினக்ஸ் கணினியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அது தன் அலாரம் எண்ணை ஒளிப்பதில்லை. கேட்டால் சொல்லும், சொல்வதையும் பூசி மெழுகாமல் சொல்லும். இந்த மாவட்டத்துக்கு லினக்ஸ் அந்நியச் சரக்கும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் பாஸ். முதல் பதிப்பு 2007-ல் வந்தது. அதே காலத்தில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, எல்காட் தன் சொந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. மாணவர்களில் எத்தனை பேர் பாஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்கள் என்பது வேறு கதை. புதிய விண்டோஸைத் தாங்க முடியாத அந்தப் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டு, தம்பி தங்கைகள் படிக்கக் கொடுப்பது இன்றும் பயனுள்ள வேலை. அப்படிப் போட்டதும் வருகிற முதல் கேள்வி, ‘நெட் ஏன் வரல?’

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவும்.

முதல் கேள்வியைக் கணினியிடம் கேட்கக் கூடாது. சுவரில் தொங்கும் பெட்டியிடம் கேட்க வேண்டும். இப்போது ஓசூர் வீடுகளுக்கு வரும் கம்பியில் பெரும்பாலும் செம்பு இல்லை, கண்ணாடி இழைதான். அந்த இழையில் ஒளி ஓடும் நடுப்பகுதியின் விட்டம் சுமார் 9 மைக்ரான். நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர், வீட்டிலிருந்து போவது 1310 நானோமீட்டர். நிறம் வேறு என்பதால் ஒரே இழையில் இரண்டும் எதிரெதிரே போய்வருகின்றன. தெருமுனைப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர் ஒரு இழையின் ஒளியை 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பங்கு போடுகிறது. அதனால் நம் வீட்டுக்கு வந்து சேர்வது மிக மங்கலான ஒளி. பெட்டி தாங்கும் கடைசி எல்லை மைனஸ் 27 டிபிஎம் அளவில் இருக்கும். ஒரு மில்லிவாட்டை ஐந்நூறாகப் பிரித்தால் ஒரு பங்கு. சாலை வேலைக்கு ஜேசிபி தோண்டினால் இழை அறும், அது எல்லோருக்கும் தெரியும். அறாமலே போவதும் உண்டு. கேபிளை ஆணியில் இறுக்கி மடித்து மாட்டினால் வளைவில் ஒளி கசிந்துவிடும். செருகும் முனையில் தூசி படிந்தாலும் அதே கதி. பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை என்று பொருள். அந்த நிலையில் லினக்ஸில் எந்தக் கட்டளையும் உதவாது, கேபிள்காரரைத்தான் கூப்பிட வேண்டும். கழற்றிய இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் ஆபத்து.

சிவப்பு விளக்கு இல்லையா? அப்படியானால் கைபேசியில் அதே வைஃபையை இணைத்துப் பாருங்கள், மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு. இந்தக் கடைசிச் சொல்தான் முக்கியம். வைஃபை செத்துக் கிடந்தாலும் கைபேசி சத்தம் போடாமல் 4ஜிக்கு மாறிக்கொண்டு யூடியூபைக் காட்டும். ‘போன்ல வருது, லேப்டாப்ல மட்டும் வரல’ என்ற புகாரில் கணிசமான பங்கு இப்படிப் பிறப்பதுதான்.

கைபேசியில் உண்மையாகவே வந்து, கணினியில் மட்டும் வரவில்லை என்றால் இனி டெர்மினல். ‘ஐபி லிங்க்’ என்று தட்டினால் கணினியில் இருக்கும் வலை அட்டைகளின் பட்டியல் வரும். முன்பெல்லாம் ஈத்0, டபிள்யூலேன்0 என்று பெயர்கள் எளிமையாக இருந்தன. ஆனால் இரண்டு அட்டை உள்ள கணினியில் எது 0, எது 1 என்பது ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் மாறக்கூடும். 2013-ல், லினக்ஸைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்-டி நிரல் அந்த வழக்கத்தை மாற்றி, அட்டை செருகப்பட்ட இடத்தையே பெயராக்கியது. அதனால்தான் இஎன்பி3எஸ்0 என்று வாயில் நுழையாத பெயர்கள். முதல் எழுத்து ‘இ’ என்றால் கேபிள், ‘டபிள்யூ’ என்றால் வைஃபை. அவ்வளவு தெரிந்தால் போதும்.

டபிள்யூவில் தொடங்கும் பெயரே பட்டியலில் இல்லையா? அட்டை கெட்டுவிட்டது என்று கடைக்குப் போகாதீர்கள். பல வைஃபை சில்லுகளுக்கு உள்ளே ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு தனி; அதன் மூலநிரல் வெளிப்படையாகக் கிடைக்காது. கட்டற்ற மென்பொருள் கொள்கையில் கறாராக இருந்த டெபியன், பல ஆண்டுகள் அந்தக் கோப்புகளைத் தன் நிறுவல் வட்டில் சேர்க்க மறுத்தது. 2023 ஜூனில் வந்த 12-ம் பதிப்பிலிருந்துதான் சேர்த்துக்கொண்டது. அதற்கு முந்தைய பதிப்பைப் போட்டவர்களுக்கு வேடிக்கையான முட்டுச்சந்து காத்திருந்தது: வைஃபை வேலை செய்ய ஒரு கோப்பை இறக்க வேண்டும், கோப்பை இறக்க வைஃபை வேண்டும். இதற்கு இன்றும் நல்ல வழி, கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போடுவது. லினக்ஸ் அதைத் தனி டிரைவர் கேட்காமல் ஒரு கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். பெயர் பட்டியலில் இருந்தும் வைஃபை எதையும் தேடவில்லை என்றால் ‘ஆர்எஃப்கில் லிஸ்ட்’. ‘ஹார்ட் பிளாக்டு’ என்பதற்கு நேரே ‘யெஸ்’ வந்தால் மடிக்கணினியின் ஓரத்தில் ஒரு சின்ன சுவிட்ச் அணைந்திருக்கிறது.

அடுத்து முகவரி. ‘ஐபி ஏ’ என்று தட்டினால் ஒவ்வொரு அட்டைக்கும் கிடைத்த முகவரி தெரியும். வீட்டு வலையில் இந்த முகவரியை நாம் எழுதுவதில்லை, ரூட்டர்தான் தருகிறது. கணினி முதலில் ‘இங்கே முகவரி தருகிறவர் யாராவது உண்டா?’ என்று வலை முழுக்கக் கூவும். ரூட்டர் ஒன்றைக் காட்டும். கணினி ‘அதையே கொடு’ என்று கேட்கும். ரூட்டர் உறுதி செய்யும். நான்கே செய்திகள். டிஎச்சிபி எனப்படும் இந்த முறை 1993-ல் எழுதப்பட்டது. கிடைக்கும் முகவரி சொந்தமல்ல, வாடகை. 24 மணி நேரத்துக்குக் கொடுத்தால் 12-வது மணி நேரத்திலேயே கணினி புதுப்பிக்கக் கேட்கும்.

‘ஐபி ஏ’ காட்டும் முகவரி 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால் நல்லது. 1996-ல் வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் என்று ஒதுக்கிவைத்த எண்கள் அவை. உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் அதே எண்கள்தான் ஓடுகின்றன. 169.254 என்று தொடங்கினால், கூவிக் கூவிப் பார்த்து யாரும் பதில் தராததால் கணினி தனக்குத்தானே எழுதிக்கொண்ட முகவரி அது. ரூட்டர் வரை பேச்சே எட்டவில்லை. வைஃபை கடவுச்சொல்லையோ கேபிள் முனையையோ பாருங்கள்.

முகவரி ஒழுங்காக இருந்தும் நெட் வராத இடத்தில்தான் விஷயம் சுவையாகிறது. 192.168.1.23/24 என்று இருந்தால், அந்த 24-க்கு அர்த்தம், முகவரியின் முதல் 24 பிட், அதாவது முதல் மூன்று எண்கள், ஊரைக் குறிக்கின்றன. கடைசி எண் மட்டுமே வீடு. கணினி ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தையும் அனுப்பும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்கிறது: போக வேண்டிய இடம் என் ஊருக்குள்ளா, வெளியிலா? மத்திகிரியிலிருந்து ராயக்கோட்டை ரோட்டுக்குப் போகிறவர் ஜூஜூவாடியில் இருக்கும் மாநில எல்லையைப் பார்க்க வேண்டியதே இல்லை. கர்நாடகத்தில் இருக்கும் பொம்மசந்திராவுக்குப் போகிறவர் பார்த்தே ஆக வேண்டும். அவருக்கு அந்தப் பக்கத்துச் சாலைகள் எல்லாம் தெரிந்திருக்கத் தேவையில்லை, எல்லைக்கு வழி தெரிந்தால் போதும். கணினியும் அப்படித்தான். ஊருக்குள் என்றால் நேரே கொடுக்கும். வெளியே என்றால், அது கூகுளாக இருந்தாலும் குப்பமாக இருந்தாலும், கேட்வே என்ற ஒரே வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். பெரும்பாலும் அந்த வாசல் உங்கள் ரூட்டர்தான், 192.168.1.1.

‘ஐபி ஆர்’ என்று தட்டுங்கள். ‘டிஃபால்ட் வயா 192.168.1.1’ என்று ஒரு வரி வர வேண்டும். அந்த வரி இல்லையென்றால் கணினிக்கு எல்லைக்கு வழி தெரியாது. ஜூஜூவாடி தாண்டாத பொட்டலம் அதுதான்.

அந்த வரி எப்படிக் காணாமல் போகும்? இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு காரணம் இருக்கிறது. 1970-களில் சிப்காட் வந்து, 1980-ல் டிவிஎஸ் 50-யும் அசோக் லேலண்டும், பிறகு டைட்டனும் வந்த காலத்தில் இங்கே மெஷினைச் சரி செய்ய ஸ்பேனர் போதும். இன்று ஒவ்வொரு லைனிலும் மெஷினை இயக்கும் சின்னக் கணினி, பிஎல்சி. பொறியாளரின் பையில் ஸ்பேனரோடு மடிக்கணினியும் ஒரு லேன் கேபிளும் இருக்கும். மிட்சுபிஷி எஃப்எக்ஸ்5யூ பிஎல்சி பெட்டியிலிருந்து எடுக்கும்போதே 192.168.3.250 என்ற முகவரியோடு வருகிறது. அதோடு பேச வேண்டுமானால் மடிக்கணினிக்கும் அதே ஊரில் ஒரு முகவரி வேண்டும். நம் ஆள் செட்டிங்கைத் திறந்து ‘மேனுவல்’ என்று மாற்றி 192.168.3.10 என்று எழுதுவார். கேட்வே கட்டத்தைக் காலியாக விடுவார். பிஎல்சியும் மடிக்கணினியும் மட்டும் பேசிக்கொள்ள வாசல் எதற்கு? வேலை முடியும், ஷிப்ட் முடியும். வீட்டுக்கு வந்து ரூட்டரில் அதே கேபிளைச் செருகினால் நெட் வராது. விளக்குகள் எல்லாம் பச்சை. ‘ஐபி ஏ’யில் முகவரி இருக்கிறது. ஆனால் வீட்டு வலை 192.168.1 ஊர், இவர் கணினியோ இன்னும் 192.168.3 ஊரில், அதுவும் வெளியே போக வழியே எழுதாமல், உட்கார்ந்திருக்கிறது. ரூட்டரை நூறு தடவை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது.

மீண்டும் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றினால் தீர்ந்தது, நாளைக் காலை வரை. அதைவிட நல்ல வழியை லினக்ஸின் நெட்வொர்க்மேனேஜர் தருகிறது. ஒரே அட்டைக்கு எத்தனை அமைப்பு வேண்டுமானாலும் பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். ‘வீடு’ என்று ஒன்று, ‘பிஎல்சி’ என்று ஒன்று. பிஎல்சி அமைப்பில் இரண்டு வேலை செய்ய வேண்டும். தானாக இணையும் தெரிவை எடுத்துவிட வேண்டும். ‘இந்த இணைப்பை அதன் வலைக்குள் இருப்பவற்றுக்கு மட்டும் பயன்படுத்து’ என்ற பெட்டியில் டிக் அடிக்க வேண்டும். இரண்டாவது டிக்கின் பலன் பெரிது: கேபிளில் பிஎல்சி, வைஃபையில் இணையம், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். மெஷின் முன்னால் நின்றபடியே கையேட்டை இறக்கிப் படிக்கலாம்.

வாசல் இல்லாததைப் போலவே, இரண்டு வாசல் இருப்பதும் தொல்லை தரும். கேபிளும் வைஃபையும் ஒன்றாக இணைந்திருந்தால் ‘ஐபி ஆர்’ இரண்டு டிஃபால்ட் வரி காட்டும். வரியின் கடைசியில் மெட்ரிக் என்று ஒரு எண் இருக்கும். நெட்வொர்க்மேனேஜர் வழக்கமாகக் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 கொடுக்கும். எண் குறைந்ததுதான் முந்தும். பாகலூர் வழியாகவும் கர்நாடகத்துக்குள் போகலாம் என்றாலும் ஓசூர்க்காரர் முதலில் நெடுஞ்சாலையைத்தான் நினைப்பார், அது அடைத்துக் கிடந்தாலும். கணினியும் நெட் செத்த ரூட்டரில் செருகிய கேபிளையே நம்பி நிற்கும், பக்கத்தில் வைஃபை நன்றாக ஓடிக்கொண்டிருக்க. கேபிளைப் பிடுங்கினால் போதும். இரவல் வைஃபையில் ஓடும் வாடகை வீடுகளில் இது சகஜம்.

இனி பிங். 1983 டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் எறியியல் ஆய்வகத்தில் இருந்த மைக் மூஸ், வலை ஒன்று விநோதமாக நடந்துகொண்டதைப் பிடிப்பதற்காக ஒரே மாலையில் எழுதிய சின்ன நிரல் அது. நீர்மூழ்கியின் சோனார் எழுப்பும் ஓசையைப் பெயராக வைத்தார். ஒரு பொட்டலத்தை அனுப்பு, அது திரும்பி வருகிறதா பார், எவ்வளவு நேரம் ஆனது சொல். வேறு வேலையே கிடையாது. நாற்பது ஆண்டுகளாகியும் இதைவிட நல்ல கருவி வரவில்லை என்பது என் கட்சி.

பிங் தோற்கும்போது சொல்லும் வாசகத்தைத்தான் நான் அலாரம் எண் என்றேன். எல்லாவற்றையும் ‘வரல’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு நகர்ந்துவிடாமல் படியுங்கள். ‘நெட்வொர்க் ஈஸ் அன்ரீச்சபிள்’ என்று வந்தால், பொட்டலம் கணினியை விட்டுக் கிளம்பவே இல்லை, வழி எழுதப்படவில்லை. நம் பிஎல்சி பொறியாளர் 8.8.8.8-ஐ பிங் செய்தால் வருவது இதுதான். ‘டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்’ என்று வந்து, அதைச் சொல்வது உங்கள் கணினியின் முகவரியே என்றால், வழி தெரிகிறது, ஆனால் வாசலில் ஆள் இல்லை. கணினி ‘192.168.1.1 யார்?’ என்று ஊருக்குள் கூவியதற்குப் பதில் வரவில்லை. ரூட்டர் அணைந்திருக்கலாம், அல்லது அதன் முகவரி நீங்கள் நினைத்தது இல்லை. எந்த வாசகமும் வராமல் மௌனமாக நின்று, கடைசியில் நூறு சதவீதம் இழப்பு என்றால், பொட்டலம் வாசலைத் தாண்டிவிட்டது, திரும்பத்தான் இல்லை. கோளாறு உங்கள் வீட்டுக்கு வெளியே இருக்க வாய்ப்பு அதிகம். ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்றால் கதையே வேறு, அதற்கு வருகிறேன்.

ஆகவே பிங்கை நேரே கூகுளுக்கு அடிக்காதீர்கள். முதலில் ரூட்டரின் முகவரிக்கு, அடுத்து 8.8.8.8-க்கு, கடைசியில்தான் ஒரு பெயருக்கு. எந்தப் படியில் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. ரூட்டர் பதில் தந்து 8.8.8.8 மட்டும் மௌனமாக நின்றால் உங்கள் கணினியில் நோண்டுவதை நிறுத்திக்கொள்ளலாம்.

பிங் சொல்லும் நேரத்தையும் கொஞ்சம் கவனியுங்கள், அதில் ஒரு இயற்பியல் ஒளிந்திருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி வெற்றிடத்தில் போகும் வேகத்தில் போவதில்லை. விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான். அதாவது ஒரு மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர். பிங் போய்த் திரும்புவதால் ஒரு மில்லிசெகண்டுக்கு 100 கிலோமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். ஒளியின் பயணத்துக்கு மட்டும் அரை மில்லிசெகண்டு கூட ஆகாது. சென்னை 300 கிலோமீட்டருக்கு மேல். 3 மில்லிசெகண்டுக்குக் குறைந்து வரவே முடியாது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் போகும் ஐ2ஐ கேபிளின் நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். அங்கே இருக்கும் சர்வர் 32 மில்லிசெகண்டுக்குள் பதில் சொன்னதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பொட்டலம் இந்தத் தூரத்தை நேர்வழியில்தான் போகிறதா என்பது வேறு கேள்வி. தொலைத்தொடர்பு உரிமக் கணக்கில் தமிழ்நாடு ஒரு வட்டம், கர்நாடகம் இன்னொரு வட்டம். கைபேசிக்கு ரோமிங் கட்டணம் இருந்த நாட்களில், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக் காசு இழந்தவர்களுக்கு இந்த எல்லை நன்றாகவே நினைவிருக்கும். வீட்டு இணையத்திலும் அதன் தடயத்தைப் பார்க்கலாம். உங்கள் நிறுவனம் ஓசூரின் போக்குவரத்தைச் சென்னைக்குக் கொண்டுபோய் அங்கிருந்து பெங்களூருக்கு அனுப்பினால், எலக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் சர்வருக்குப் போகும் பொட்டலம் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக்கொண்டு போகும். ‘டிரேஸ்ரூட்’ இதைக் காட்டிக்கொடுக்கும். 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் எழுதிய இந்த நிரலின் தந்திரம் அழகானது. ஒவ்வொரு பொட்டலத்திலும், இன்னும் எத்தனை ரூட்டரைக் கடக்கலாம் என்று ஒரு எண் இருக்கும். வழியில் ஒவ்வொரு ரூட்டரும் ஒன்றைக் கழிக்கும். சுழியமானால் பொட்டலத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அனுப்பியவருக்குத் தகவல் சொல்லும். வழி தவறிய பொட்டலம் வலையில் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. ஜேக்கப்சன் வேண்டுமென்றே அந்த எண்ணை 1, 2, 3 என்று வைத்து அனுப்பினார். முதல் பொட்டலம் முதல் ரூட்டரிலும், இரண்டாவது இரண்டாவதிலும் செத்து, செத்த இடத்தின் முகவரியைத் திருப்பி அனுப்பின. சாவுச் செய்திகளை வரிசையாக அடுக்கினால் அதுவே பாதையின் வரைபடம். அந்த வரிசையில் இரண்டாவதாக 100.64 முதல் 100.127 வரையான எண் தென்பட்டால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் நேரே வர வழி இருக்காது; ஷிப்டில் இருந்தபடி வீட்டு சிசிடிவியை நேரடியாகப் பார்க்க முடியாமல் தவிப்பவர்கள் கேமராவைத் திட்ட வேண்டியதில்லை.

இப்போது பெயர். 8.8.8.8-க்கு பிங் போகிறது, கூகுள் என்ற பெயருக்குப் போகவில்லை. வலை முழு உயிரோடு இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றித் தருகிறவர்தான் இல்லை. ஒரு காலத்தில் இணையத்தின் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில், கலிஃபோர்னியாவின் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு பராமரித்த பட்டியலில் இருந்தன. புதுக் கணினி வாங்கியவர் அங்கே சொல்லிப் பதிய வேண்டும். பட்டியல் தாங்காமல் போனபோது, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ் என்ற பகிர்ந்தளித்த முறையை வகுத்தார். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் முகவரிகள் இன்று அதே முறையில்தான் ஓடுகின்றன. யாரிடம் பெயர் கேட்க வேண்டும் என்பதை லினக்ஸ் ‘ரிசால்வ் டாட் கான்ஃப்’ என்ற கோப்பில் வைத்திருக்கும். அதைத் திறந்து 127.0.0.53 என்று பார்த்ததும் தவறான எண் என்று அழித்துவிடுபவர்கள் உண்டு. அழிக்காதீர்கள். அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் இடைத்தரகரின் முகவரி; அவர் யாரிடம் கேட்கிறார் என்பதை ‘ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்’ சொல்லும். நெட்வொர்க்மேனேஜரின் டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று எழுதி இணைப்பை அணைத்துப் போட்டதும் பெயர்கள் வந்துவிட்டால், பழி ரூட்டர் காட்டிய டிஎன்எஸ் மேல்.

எல்லாப் படியும் தேறியும் பிரவுசர் மட்டும் அடம் பிடித்தால் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று கடிகாரம். பத்து வருடத்துக்கு மேலான மடிக்கணினியில் நேரத்தைக் காக்கும் நாணய பேட்டரி செத்திருக்கும். தேதி எங்கோ பின்னால் போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி 2011-ல் இருந்தால் இன்றைய சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்கவே இல்லை, எல்லாத் தளத்தையும் மோசடி என்று விரட்டும். ‘டேட்’ என்று தட்டினால் தெரிந்துவிடும். மற்றொன்று பொட்டலத்தின் அளவு. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ முறையில் ஒவ்வொரு பொட்டலத்திலும் 8 பைட் உறைக்கே போய்விடும். 1500-க்குப் பதில் 1492 தான் செல்லும். சில தளம் திறந்து, சில தளம் பாதியில் தொங்கினால் ரூட்டரில் எம்டியூ என்று இருக்கும் இந்த அளவு எண்ணைப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரூட்டரின் பின்னால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ரீசெட் என்று எழுதியிருக்கும். அதை அழுத்தாதீர்கள். சுவிட்சை அணைத்துப் போடுவது வேறு, இது வேறு. கேபிள்காரர் முதல் நாள் ஏற்றிவிட்டுப் போன பயனர் பெயர், கடவுச்சொல், விலேன் எண் எல்லாம் அந்த ஒரு அழுத்தில் போய்விடும். அவர் மறுபடி வந்து ஏற்றும்வரை வீட்டில் யாருக்கும் நெட் கிடையாது. அவருக்குப் போன் செய்யும் முன் ‘ஐபி ஏ’, ‘ஐபி ஆர்’, மூன்று பிங் ஆகியவற்றின் பதிலை அப்படியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘ரூட்டர் வரைக்கும் போகுது, 8.8.8.8 போகல’ என்று ஒரு வரி சொன்னால், ஆஃப்-ஆன் கேள்வியைத் தாண்டி அவர் நேரே லைனைப் பார்ப்பார்.